கடலட்டை தீர்க்காத குறை

மன்னார் வளைகுடாவில் வாழும் உயிர்களில் அழகுப் போட்டி வைத்தால் கடலட்டைக்குக் கடைசி இடம்தான் கிடைக்கும். மணலில் புரண்டு கிடக்கும். கையில் எடுத்தால் சுருங்கித் தண்ணீரைப் பீய்ச்சும். குடலை நீக்கி, வேகவைத்து, வெயிலில் காயப்போட்டால் கறுத்துக் கட்டையாகிவிடும். அந்தக் கட்டைக்காகத்தான் தூத்துக்குடிக் கரையோரம் கியூ பிரிவு போலீசாரும் கடலோரக் காவல்படையும் இரவெல்லாம் கண்விழிக்கிறார்கள். கடலட்டையும் கடற்குதிரையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. சட்டத்தின் கண்ணில் புலியும் அட்டையும் ஒன்று. இருந்தும் மூட்டை மூட்டையாகப் பிடிபடும் செய்தி நின்றபாடில்லை. இலங்கை வழியாகச் சீனாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் போகிற சரக்கு இது. அங்கே இது விருந்துப் பண்டம். கூடவே, ஆண்மையைக் கூட்டும் என்ற நம்பிக்கையும் சேர்ந்து விலையை ஏற்றிவிடுகிறது.

நம்மூரிலும் இந்த நம்பிக்கைக்குப் பஞ்சமில்லை. 'வாலிப வயோதிக அன்பர்களே' என்று கூப்பிட்டு, எந்தத் தேதியில் எந்த லாட்ஜில் எத்தனை மணிக்கு என்று முகாம் விவரம் சொல்லும் விளம்பரங்களைப் பார்த்தே இரண்டு தலைமுறை வளர்ந்திருக்கிறது. இப்போது லேகிய டப்பாவின் இடத்தை 'டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர்' என்ற பிளாஸ்டிக் டப்பா பிடித்திருக்கிறது. வாங்குகிறவரின் கவலை மட்டும் மாறவில்லை. சோர்வு, நாட்டமின்மை, தசை தளர்வு, தொந்தி. இந்தக் கவலையோடு வரும் நடுவயது ஆண்களில் கணிசமானோருக்குக் குறையின் ஒரு நுனி வலது விலாவுக்குள், கல்லீரலில் இருக்கிறது. அதைத் தேடிப் பார்க்கிறவர்கள் குறைவு.

பித்தப்பையில் கல் இருக்குமோ என்ற சந்தேகத்தில் ஸ்கேன் எடுக்கப் போகிறவரின் கைக்கு வரும் தாளில், கடைசி வரியாக 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்று அச்சாகியிருக்கும். 'இது எல்லாருக்கும் இருக்கிறதுதான், எண்ணெயைக் குறைங்க' என்ற ஒற்றை வரியோடு விஷயம் முடிந்துவிடும். எல்லாருக்கும் இருக்கிறது என்பது கிட்டத்தட்ட உண்மையாகிக்கொண்டு வருகிறது. டாக்டர் வி. மோகனும் அவர் குழுவினரும் சென்னையில் நடத்திய 'க்யூர்ஸ்' ஆய்வின் ஒரு பகுதி 2009-இல் வெளியானது. அதில் 541 பேரை ஸ்கேன் செய்து பார்த்ததில் 32 சதவீதம் பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு. ஆண்களை மட்டும் எடுத்தால் 35 சதவீதம். நாடெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2022-இல் போட்ட கணக்கில் பெரியவர்களில் 38.6 சதவீதம் என்று வந்தது. ஹைதராபாத்தில் நாளெல்லாம் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஐ.டி. ஊழியர்கள் 345 பேரை ஆராய்ந்த 2025-ஆம் ஆண்டு ஆய்வு சொன்ன எண் 84 சதவீதம். 'எல்லாருக்கும் இருக்கிறது' என்பது ஆறுதலா, எச்சரிக்கையா என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

கல்லீரல் செல்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கொழுப்புத் துளிகளைச் சுமக்கத் தொடங்கினால் அது கொழுப்புக் கல்லீரல். குடித்தால்தான் கல்லீரல் கெடும் என்ற பழைய எண்ணத்தை உடைத்தவர் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருந்த யூர்கன் லுட்விக். குடிப்பழக்கம் இல்லாத 20 நோயாளிகளின் கல்லீரல், நுண்ணோக்கியில் குடிகாரர் கல்லீரல் போலவே தெரிவதை 1980-இல் அவர் எழுதினார். மது இல்லாமல் வருவது என்று அன்றைக்கு வைத்த பெயரை 2023-இல் உலக அளவில் மருத்துவர்கள் கூடி மாற்றிவிட்டார்கள். இப்போதைய பெயரில் வளர்சிதை மாற்றக் கோளாறு முன்னால் நிற்கிறது. சர்க்கரை, ரத்தக் கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம் எல்லாம் ஒரே குடும்பம் என்று ஒப்புக்கொண்டதன் விளைவு அது. இந்தக் குடும்பத்தில் ஆணின் ஹார்மோனும் ஒரு பங்காளி என்பது இன்னும் பொதுமக்கள் காதுக்கு வந்து சேரவில்லை.

அந்த ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் உருவாகும் இடம் விரைகளில் உள்ள லேடிக் செல்கள். மூலப்பொருள், எல்லாரும் பயப்படும் கொலஸ்ட்ரால். நலமாக உள்ள ஆணின் உடலில் நாளொன்றுக்கு 5 முதல் 7 மில்லிகிராம் உற்பத்தியாகும். எவ்வளவு தயாரிக்க வேண்டும் என்ற உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரியைத் தூண்டும், பிட்யூட்டரி எல்.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். அது விரைக்குப் போய் வேலையைத் தொடங்கிவைக்கும். கல்லீரல் இந்தச் சங்கிலியில் எங்கும் தலைகாட்டவில்லையே என்று தோன்றும். அது தலைகாட்டுவது விநியோகத்தில்.

டெஸ்டோஸ்டிரோன் கொழுப்பில் கரையும் பொருள். ரத்தத்தில் தனித்து நெடுந்தூரம் போக முடியாது. சுமக்க ஆள் வேண்டும். துறைமுகத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். டிரெய்லரில் நான்கு மூலையும் லாக் போட்டு ஏற்றிய கன்டெய்னரைப் போல, எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தோடு இறுகப் பூட்டிக்கொண்டு போவது மொத்தத்தில் நாற்பது சதவீதத்துக்குச் சற்று மேல். ஏறக்குறைய பாதி, ஆல்புமின் என்ற புரதத்தோடு லேசாக ஒட்டிக்கொண்டு போகிறது; தேவைப்பட்ட இடத்தில் கழன்றுகொள்ளும். எதனோடும் ஒட்டாமல் செல்லுக்குள் நேரே நுழையக்கூடியது சுமார் 2 சதவீதம் மட்டுமே. எஸ்.எச்.பி.ஜி., ஆல்புமின் இரண்டையும் தயாரிக்கும் பட்டறை கல்லீரல்.

அந்தப் பட்டறையில் கொழுப்பு சேர்ந்தால் என்ன நடக்கும்? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேவிட் செல்வாவும் ஜெஃப்ரி ஹேமண்டும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. மனிதக் கல்லீரல் செல்களுக்கும், மனித எஸ்.எச்.பி.ஜி. மரபணு புகுத்தப்பட்ட எலிகளுக்கும் அவர்கள் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கொடுத்துப் பார்த்தார்கள். கல்லீரல் அந்தச் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றத் தொடங்கியதும், எச்.என்.எஃப்.4 ஆல்ஃபா என்ற கட்டுப்பாட்டுப் புரதம் குறைந்தது. அதை நம்பியிருந்த எஸ்.எச்.பி.ஜி. உற்பத்தியும் கூடவே படுத்தது. இதில் கவனிக்க வேண்டியது, செல்களுக்குக் கொடுக்கப்பட்டது எண்ணெய் இல்லை என்பது. சர்க்கரைதான். 'எண்ணெயைக் குறைங்க' என்று மட்டும் சொல்லி அனுப்புவது எவ்வளவு அரைகுறையான ஆலோசனை என்பது இங்கே தெரிந்துவிடும்.

எஸ்.எச்.பி.ஜி. குறைந்தால் ரத்தப் பரிசோதனையில் மொத்த டெஸ்டோஸ்டிரோனும் குறைவாகவே காட்டும். ஆனால் தளையில்லாத அந்த 2 சதவீதம் ஆரம்பத்தில் சரியாகவே இருக்கக்கூடும். எண் குறைந்திருக்கும், ஆளுக்கு ஹார்மோன் பற்றாக்குறை இருக்காது. இந்தக் கட்டத்தில் மொத்த அளவை மட்டும் பார்த்து ஊசியைத் தூக்குவது அவசரம். நோய் முற்றிக் கல்லீரல் சுருங்கி சிரோசிஸ் வந்துவிட்டால் கதை தலைகீழாகிறது. அப்போது எஸ்.எச்.பி.ஜி. ஏறிவிடும், மொத்த அளவு பார்வைக்கு நன்றாக இருக்கும், உடலுக்குப் பயன்படும் பங்கு குறைந்திருக்கும். மார்பு பெருத்து, உடல் முடி உதிர்ந்து, உள்ளங்கை சிவந்து நிற்கும் சிரோசிஸ் நோயாளியிடம் ஆண் ஹார்மோனுக்கும் பெண் ஹார்மோனுக்கும் உள்ள சமநிலை குலைந்திருப்பதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்.

எஸ்.எச்.பி.ஜி. விஷயம் பாதிதான். மறுபாதி மூளையில் நடக்கிறது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் சந்தீப் திண்ட்ஸாவும் பரேஷ் தண்டோனாவும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள 103 ஆண்களை ஆராய்ந்து 2004-இல் எழுதியது இந்தத் துறையில் ஒரு திருப்பம். மூன்றில் ஒருவருக்கு, தளையில்லாத டெஸ்டோஸ்டிரோனே குறைவாக இருந்தது. அப்படிக் குறைந்தால் பிட்யூட்டரி எல்.எச்.சைக் கூட்டிச் சுரக்க வேண்டும். அவர்களுக்கு அது கூடவில்லை. கோளாறு விரையில் இருந்திருந்தால் மூளை அதட்டியிருக்கும். இங்கே மூளையே அடங்கிப் போயிருந்தது. இன்சுலினுக்கு உடல் மசியாமல் போவதும், தொப்பைக் கொழுப்பிலிருந்தும் கல்லீரலிலிருந்தும் கிளம்பும் அழற்சிப் பொருள்களும் ஹைப்போதாலமஸை மந்தப்படுத்துகின்றன என்பது இன்றைய விளக்கம். கொழுப்புத் திசுவில் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரஜனாக மாற்றிவிடுகிறது, அந்த ஈஸ்ட்ரஜன்தான் மூளைக்கு பிரேக் போடுகிறது என்ற விளக்கமும் புத்தகங்களில் உண்டு. யூடியூப் மருத்துவர்களுக்கு மிகவும் பிடித்த விளக்கம் அது. ஆனால் அதே திண்ட்ஸா குழு பின்னால் அளந்து பார்த்தபோது, டெஸ்டோஸ்டிரோன் குறைந்த இத்தகைய ஆண்களுக்கு ஈஸ்ட்ரஜனும் குறைவாகவே இருந்தது. சொல்ல வசதியான கதையெல்லாம் சோதனையில் தேறுவதில்லை.

இந்தப் பாதை இருவழிப் பாதை. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் தசை கரையும், வயிற்றுக்குள் கொழுப்பு சேரும், சாப்பிட்ட சர்க்கரையை வாங்கி வைக்கத் தசை இல்லாமல் அது கல்லீரலுக்கே திரும்பும். இதற்குச் சான்று புராஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கிறது. ஆண் ஹார்மோனை அடக்கினால் அந்தப் புற்று பின்வாங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டினார். 1966-இல் நோபல் பரிசு பெற்றார். அந்தச் சிகிச்சையை எடுத்துக்கொள்ளும் ஆண்களுக்குச் சில மாதங்களிலேயே உடற்கொழுப்பு ஏறுகிறது, இன்சுலின் பிசகுகிறது, கொழுப்புக் கல்லீரல் வரும் வாய்ப்பும் கூடுகிறது. கல்லீரலில் மட்டும் ஆண் ஹார்மோன் ஏற்பியை நீக்கிய ஆண் எலிகளுக்கும் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்ததை 2008-இல் ஓர் ஆய்வு காட்டியது. பெண்களுக்கு இது நேர் எதிர். சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கூடுதல். அவர்களுக்குத்தான் கொழுப்புக் கல்லீரலும் கூடுதல். ஒரே ஹார்மோன், ஆணுக்குக் குறைந்தால் வம்பு, பெண்ணுக்குக் கூடினால் வம்பு.

இனி தூத்துக்குடிக்கு வருவோம். இந்தக் கரையின் ஆண்கள் உடம்பை வைத்துப் பிழைத்தவர்கள். கல்லைக் கட்டிய கயிற்றில் காலை வைத்து, மூச்சை அடக்கி, முத்துச்சிப்பிப் பார்களுக்கு இறங்கியவர்கள். ஒரு முறை இறங்கினால் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்பின். அதற்குள் கூடையை நிரப்பிக் கயிற்றை அசைக்க வேண்டும். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். கரையில் சரக்கு ஏற்றி இறக்கியவர்களின் பாடும் லேசுப்பட்டதாக இருக்கவில்லை. கடல் ஆழம் குறைந்தது என்பதால் பெரிய கப்பல்கள் மைல் கணக்கில் தள்ளி நிற்கும். படகில் போய் மூட்டையை இறக்கி, படகிலிருந்து கரைக்குச் சுமக்க வேண்டும். கடலுக்குள் நான்கு கிலோமீட்டர் அளவுக்குக் கல்லைக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர்கள் எழுப்பி, 1974 ஜூலை 11-இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011-இல் அதற்கு வ.உ. சிதம்பரனார் பெயர் வந்தது. இன்று ஆண்டுக்கு 4 கோடி டன் சரக்கு போய்வருகிறது. அதில் மனிதத் தோளில் ஏறுவது கொஞ்சம்தான்.

அந்தக் காலத்து ஆண்கள் பொன்னானவர்கள் என்று பாட வரவில்லை. சுறாவும் கடனும் அவர்களில் பலரை நடுவயதுக்கே விடவில்லை. கொழுப்புக் கல்லீரல் வருமளவுக்கு வாழ்வதே பலருக்கு வாய்க்கவில்லை. ஆனால் வேலையின் உருவம் மாறியதை மறுக்க முடியாது. கிரேன் ஓட்டுகிறவர் தரையிலிருந்து பல மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். டிரெய்லர் ஓட்டுநர் கேட்டுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார். நிற்பது வண்டி, உட்கார்ந்திருப்பது அவர். பசித்தால் டீ. வரிசை நகரவில்லை என்றால் இன்னொரு டீ. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் சுமார் 8 முதல் 10 கிராம் சர்க்கரை. ஐந்து டீயில் 40, 50 கிராம். நாள் முழுக்கச் சேர்த்தே கூடுதல் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மக்ரூன் கணக்கில் வரவில்லை. முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்ந்த அந்த அருமையான பண்டத்தைக் குறைசொல்லத் தூத்துக்குடியில் யாருக்கும் துணிச்சல் வராது. சர்க்கரை சர்க்கரைதான் என்பதை மட்டும் சொல்லி வைக்கலாம். உடன்குடிக் கருப்பட்டி போட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கும் அதே பதில். மணம் வேறு, மண் வேறு. கல்லீரலுக்குள் போனால் அதுவும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான்.

ராத்திரி ஷிப்டு இன்னொரு கதை. தூத்துக்குடியில் 'நைட் கிளப்' என்றால் ஆட்டமும் பாட்டும் கிடையாது. பரோட்டாவும் சால்னாவும் கிடைக்கும் கடை. வேலை முடிந்து நள்ளிரவில் பொரிச்ச பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு படுத்தால், மைதாவை வாங்கிக்கொள்ளத் தசைக்கும் வேலை இல்லை. தூக்கமும் பாதிதான் மிஞ்சும். டெஸ்டோஸ்டிரோனின் பெரும்பங்கு உறங்கும்போதுதான் ஏறுகிறது. சிகாகோவில் ஈவ் வான் காட்டரும் ரேச்சல் லெப்ரூவும் நலமான இளைஞர்கள் பத்துப் பேரை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கவைத்தார்கள். பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது என்று 2011-இல் எழுதினார்கள். இளைஞர்களுக்கே, ஒரே வாரத்தில். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் 1908-இல் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர்களோடு நின்று நடத்திய வேலைநிறுத்தத்தில், கூலியோடு சேர்த்து வார விடுமுறையும் கேட்கப்பட்டது என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. ஓய்வு என்பது உடலின் வேதியியல் சம்பந்தப்பட்டது என்று அன்றைக்கு யாரும் அளந்து பார்க்கவில்லை, அளக்காமலே கேட்டார்கள்.

'நான் ஒல்லி, எனக்கு இதெல்லாம் வராது' என்பவர்கள் இரண்டு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேற்கு வங்கத்தின் பீர்பூம் கிராமங்களில் 1,911 பேரைப் பரிசோதித்து 2010-இல் வெளியான ஆய்வில், கொழுப்புக் கல்லீரல் இருந்தவர்கள் 8.7 சதவீதம்தான். ஆனால் அவர்களில் முக்கால்வாசிப் பேர் குண்டானவர்கள் இல்லை. உடல் நிறை எண் 25-க்குக் கீழே. இரண்டாவது, ஒரு புகைப்படம். புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யூட்கினும் அருகருகே நின்று எடுத்துக்கொண்ட படத்தை 2004-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றே, 22.3. உடற்கொழுப்பை அளந்தால் ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2. நம் உடம்பு கைகாலில் மெலிந்து வயிற்றுக்குள் சேர்த்துவைக்கும் உடம்பு. எடைமெஷின் காட்டாததை டேப் காட்டும். இந்திய ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் கணக்கு தொடங்கிவிட்டது.

குடியைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. மது விரையையும் கெடுக்கும், கல்லீரலையும் கெடுக்கும். சர்க்கரையும் தொந்தியும் இருக்கிற உடம்பில் அது இரட்டை அடி.

பரிசோதனை என்று வந்தால் சில நுணுக்கங்கள் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், மாலையில் இறங்கும். எனவே ரத்தம் காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். ராத்திரி ஷிப்டு முடித்த கையோடு கொடுத்தால் எண் ஏமாற்றும். ஒரு தடவை குறைந்திருந்தால் இன்னொரு நாள் மறுபடி பார்க்க வேண்டும். டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே என்பது பல மருத்துவர்கள் வைக்கும் கோடு. கோட்டருகே இருந்தால் எஸ்.எச்.பி.ஜி.யையும் பார்த்துத் தளையில்லாத அளவைக் கணக்கிட வேண்டும். கூடவே எல்.எச்., புரோலாக்டின். ஐரோப்பாவின் எட்டு நகரங்களில் 40 முதல் 79 வயதுவரை உள்ள 3,369 ஆண்களை ஆராய்ந்தவர்கள், அறிகுறியும் குறைந்த அளவும் சேர்ந்த உண்மையான பற்றாக்குறை 2.1 சதவீதம் பேருக்கே இருந்தது என்று 2010-இல் சொன்னார்கள். விளம்பரங்கள் சொல்லும் கணக்கு எதனோடும் இது ஒத்துப்போகாது. எழுச்சிக் குறைவு பல நேரம் ரத்தக்குழாயின் பிரச்சினை. மாரடைப்புக்கு முன்னறிவிப்பாகவும் அது வரக்கூடும். லேகியம் வாங்கும் நேரத்தில் இதயத்தைப் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கல்லீரல் பக்கம் செலவு இன்னும் குறைவு. வயது, ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி., பிளேட்லெட் எண்ணிக்கை என்ற நான்கை வைத்து ஃபிப்-4 என்ற மதிப்பெண்ணைப் போட்டுவிடலாம். 1.3-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் தழும்பு இல்லை. மேலே போனால் தழும்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். கிரேடு 1, கிரேடு 2 என்று ஸ்கேன் சொல்வது கொழுப்பின் அளவைத்தான். உயிருக்கு ஆபத்தை முடிவு செய்வது தழும்பு. இதைத் தெரியாமல் கிரேடு 1 என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் உண்டு, கிரேடு 2 என்று தூக்கம் கெட்டவர்களும் உண்டு.

சரி, டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் இரண்டும் சரியாகிவிடுமா? ஆஸ்திரேலியாவில் சர்க்கரையின் விளிம்பிலோ ஆரம்பத்திலோ இருந்த தொந்தி உள்ள 1,007 ஆண்களை இரண்டாண்டு வைத்துப் பார்த்தார்கள். எல்லாருக்கும் உணவு, உடற்பயிற்சித் திட்டம். பாதிப் பேருக்கு ஊசியும். 2021-இல் வந்த முடிவில், ஊசி இல்லாதவர்களில் 21 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது, ஊசி போட்டவர்களில் 12 சதவீதம். நல்ல செய்திதான். ஆனால் ஊசி போட்டவர்களில் 22 சதவீதம் பேருக்கு ரத்தம் ஆபத்தான அளவுக்குத் தடித்துவிட்டது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற டிராவர்ஸ் ஆய்வு 2023-இல் மாரடைப்பு கூடவில்லை என்று சொன்னது. இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தக்கட்டும் கூடின என்றும் சொன்னது. கல்லீரல் கொழுப்புக்கென்று நடந்த சிறு ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. வெளியிலிருந்து ஹார்மோன் போனால் மூளை தன் உத்தரவை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தியும் நின்றுபோகும் என்பதைப் பிள்ளைக்கு ஏங்கும் இளைஞர்களிடம் யாரும் சொல்வதில்லை. ஜிம்மில் கைமாறும் சில ஸ்டீராய்டு மாத்திரைகளோ நேரே கல்லீரலையே தாக்கும்.

'இயற்கை மருந்துதானே' என்று அமுக்கரா (அஸ்வகந்தா) மாத்திரையை எடுப்பவர்களுக்கும் ஒரு தகவல். கேரளத்தின் சிரியக் ஆபி பிலிப்ஸும் பல இந்திய மருத்துவமனைகளின் கல்லீரல் மருத்துவர்களும் சேர்ந்து, அஸ்வகந்தா உண்டதால் மஞ்சள் காமாலையோடு வந்தவர்களைப் பற்றி 2023-இல் எழுதினார்கள். ஏற்கெனவே நாள்பட்ட கல்லீரல் நோய் இருந்தவர்களில் சிலர் பிழைக்கவில்லை. ஆண்மை வேண்டி வாங்கியது கல்லீரலைக் கொண்டுபோயிற்று. கடலட்டைக்கும் கடற்குதிரைக்கும் டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும் சக்தி உண்டு என்பதற்கு மனிதர்களிடம் நடந்த நல்ல சோதனை எதுவும் சான்று தரவில்லை.

வேலை செய்வது எது என்று தெரியும், செய்வதுதான் கடினம். கியூபாவில் 293 நோயாளிகளை ஓராண்டு உணவு, நடைத் திட்டத்தில் வைத்து, முன்னும் பின்னும் கல்லீரல் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு அழற்சி நீங்கியது. 45 சதவீதம் பேருக்குத் தழும்பே பின்வாங்கியது. அவ்வளவு குறைத்தவர்கள் பத்தில் ஒருவர்தான் என்பதையும் 2015-இல் வந்த அதே ஆய்வு மறைக்கவில்லை. டெஸ்டோஸ்டிரோனும் இந்தத் தராசில் ஏறுகிறது. இத்தாலியின் ஜொவானி கொரோனா குழு 2013-இல் திரட்டிய கணக்கில், உணவால் எடை குறைத்த ஆண்களுக்குச் சராசரியாக டெசிலிட்டருக்குச் சுமார் 80 நானோகிராமும், எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்குச் சுமார் 250 நானோகிராமும் கூடின. ஊசி எதுவும் போடாமல். உடல் தன் உற்பத்தியைத் தானே மீட்டுக்கொள்கிறது. மருந்துகளும் வந்துவிட்டன: இந்தியாவில் சரோகிளிட்டசார் 2020-இல், அமெரிக்காவில் ரெஸ்மெடிரோம் 2024-இல், செமகுளுடைட் 2025-இல் கல்லீரலுக்கென அனுமதி பெற்றன. அவை தேவைப்படுவோருக்குத் தேவை. மற்றவர்களுக்கு டீயில் சர்க்கரையை நிறுத்துவதும், வாரத்தில் சில நாள் எடை தூக்குவதும், தூக்கத்தைக் காப்பாற்றுவதும் மருந்தைவிட மலிவு.

கொழுப்புக் கல்லீரலை மத்திய அரசு 2021 பிப்ரவரியிலேயே தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டது. துறைமுகத்திலும் சரக்குப் பெட்டக நிலையங்களிலும் லாரி நிறுவனங்களிலும் வேலை பார்ப்பவர்களின் உடல் பரிசோதனையில் இடுப்பளவும் ஃபிப்-4 மதிப்பெண்ணும் இடம்பெற வேண்டும். சோர்வும் நாட்டமின்மையும் சொல்கிற ஆணுக்குக் காலை நேர டெஸ்டோஸ்டிரோனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொழிற்சங்கங்கள் இதைக் கேட்டுப் பெறலாம். அதுவரை, 'ஃபேட்டி லிவர்' என்று எழுதிய ஸ்கேன் தாளைப் பீரோவில் வைத்திருக்கும் ஆண்கள் அதை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போகட்டும். மருத்துவரிடம் கல்லீரலைப் பற்றிக் கேட்கும்போது மற்றதையும் கூச்சப்படாமல் கேட்கட்டும்.